ரகுபதி பீடி பற்றவைத்த இடம்

டோல்கேட்டுக்கு வடக்கே, திருவொற்றியூர் ஹைரோட்டை ஒட்டி ஹபீபுல்லா பாய் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். அதில் எந்தப் படம் ஓடும், எந்தப் படம் படுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இருந்தான். கடலுக்குப் போகிறவன். பெயர் ரகுபதி. பத்திரிகையில் சினிமா விமரிசனம் எழுதுகிறவர்கள் எல்லாம் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருந்தார்கள். அவர்கள் எழுதியதை இந்தப் பக்கத்தில் யாரும் படிக்கவில்லை, படித்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். குப்பத்து ஜனங்களுக்கும் மில் ஆட்களுக்கும் ரகுபதி வாய் திறந்தால் போதும். "சோக்கா கீது" என்றால் மறு வாரமும் கூட்டம். "பேஜாரு" என்றால் பாய் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவனுடைய அபிப்பிராயங்களில் வழவழா கொழகொழா கிடையாது. படம் என்றால் ராஜா வேண்டும், கத்திச் சண்டை வேண்டும், மூச்சு விட இடம் இல்லாமல் பாட்டு வேண்டும். மாயக் கம்பளம் பறந்தால் இன்னும் விசேஷம். கோட்டு போட்ட மனுஷர்கள் சோபாவில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற குடும்பப் படங்கள் அவனுக்கு ஆகாது. "வூட்ல அயுவுறது பத்தாதுன்னு டிக்கட்டு வாங்கிகினு போய் அயுவணுமா?" என்பான். சிரிப்பு நடிகர்கள் மேல் மட்டும் அவனுக்கு ஒரு கோபம் இருந்தது. திரையில் ஒருவன் "இன்னாபா" என்று மெட்ராஸ் பேச்சுப் பேசினால் கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கும். குப்பத்து ஆட்கள்தான் அதிகமாகச் சிரிப்பார்கள். ரகுபதி சிரிக்க மாட்டான். "நம்ம பேச்சு இன்னா, கொரங்கு வித்தையா? நம்ம பேச்சுல ஒருத்தன் அயுவுறத எவனாச்சும் காட்டறானா?" என்று கேட்பான்.  

புதுப் படப் பெட்டி வந்து இறங்கினால், முதல் ஆட்டத்துக்கு முன்னால் மத்தியானமே பாய் கதவுகளையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் கறுப்புத் துணியைத் திணித்து, படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். பார்க்கிறவன் ரகுபதி ஒருவன்தான். காலையில் கரையேறி, மீனைத் தள்ளிவிட்டு, குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நடு பெஞ்சில் உட்காருவான். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படம் பிடித்திருந்தால் அவனுக்குப் பீடி ஞாபகமே வராது. அலுப்புத் தட்டினால் கை தன்னால் மடிக்குப் போகும். இருட்டில் தீக்குச்சி வெளிச்சம் தெரிந்ததும், மேலே மிஷின் ரூமில் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆபரேட்டர் ஸ்டானிஸ்லாஸ், சுற்றிக்கொண்டிருக்கிற ரீலுக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகுவான். பீடி அணைந்ததும் இன்னொரு துண்டு. இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இருப்பது சாயங்கால ஆட்டத்தில் இருக்காது. அந்த இடத்தில் வேறு ஏதாவது பழைய படத்து டான்ஸ் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். ஜனங்களும் விசிலடித்து வரவேற்பார்கள்.

படக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள்தான். ஆனால் டோல்கேட்டுக்கு வருகிற படம், ஊரையெல்லாம் சுற்றி, உடம்பெல்லாம் கோடு விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற படம். அதில் எது வெட்டினது, எது தானாக அறுந்தது என்று யார் கண்டுபிடிப்பது? வெட்டிய துண்டுகளைக் கொட்டகைக்குள் வைத்திருக்க மட்டும் பாய் விடமாட்டார். அந்தக் காலத்து பிலிம் ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். இன்னொரு கொட்டகை எரிந்துபோனதை அவர் கண்ணால் பார்த்தவர். வெட்டின கையோடு பின்பக்கம் மணலில் போட்டுக் கொளுத்திவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஸ்டானிஸ்லாஸ் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டாலும் விடுவான், அந்த உத்தரவைத் தவறவிட மாட்டான்.

ரகுபதியின் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவன் பெண்டாட்டி மங்கை. அவர்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி சினிமாவைப் பற்றித்தான். அவன் ரசித்துக் கிறங்கிப் போய் வீடு திரும்புகிற வழியிலேயே அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"அந்த ராணி எப்போ மாமா சோறு துன்னுவா? வந்ததுலேர்ந்து பாடிகினே கீறாளே."

"ராணிக்கு இன்னாத்துக்குடி சோறு?"

"புருசன் சண்டைக்குப் போயிகீறான், இவ ஊஞ்சல்ல குந்திகினு பாடறா. நீ கடலுக்குப் போனா வர்ற வரைக்கும் எனுக்கு எச்சி கூட எறங்க மாட்டேங்குது. அத்த எவனாச்சும் படமா எடுக்கறானா?"

"உள்ளதக் காட்டறதுக்கு சினிமா எதுக்கு? கதவத் தொறந்தா தெரியுது. போடீ, உனுக்கு ரசனையே இல்ல" என்று அவன் முடித்துவிடுவான். அவள் விடாமல் இன்னும் கொஞ்ச தூரம் ராணியைத் திட்டிக்கொண்டே வருவாள். அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒருநாளும் சொன்னதில்லை.

ராயபுரத்தில் படம் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்களில், மாதா கோயில் வழியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவைத் தாண்டித்தான் வரவேண்டும். கண்ணாடிக்குள் ஜோடி ஜோடியாகப் போட்டோக்கள் மாட்டியிருக்கும். மங்கை அங்கே நின்றுவிடுவாள். "நாமளும் ஒண்ணு புடிச்சிக்கலாமா மாமா?" என்பாள். "அடுத்த தபா" என்பான் ரகுபதி. அடுத்த தடவையும் அதுதான். போட்டோவில் அவனுக்கு நாட்டம் இல்லை. அசையாத படத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு வாடகை வண்டியில் நாலைந்து ஒல்லிப் பையன்கள் காமிராவோடு திருவொற்றியூர்க் குப்பத்துக்கு வந்தார்கள். பெரிய கம்பெனி இல்லை, பேர் தெரிந்த நடிகர் இல்லை. கதாநாயகி என்று ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். நாடகத்தில் சின்னச் சின்ன வேஷம் கட்டினவளாம். மீன் பிடிக்கிறவர்களின் கதை, உள்ளது உள்ளபடி எடுக்கப் போகிறோம், பாட்டே கிடையாது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு ரகுபதி அவர்களுக்காக மெய்யாகவே பரிதாபப்பட்டான். அவர்கள் கரையில் படம் பிடித்த அன்று அவன் கடலில் இருந்தான். திரும்பி வந்தபோது மங்கைக்கு வாயெல்லாம் பல்.

"எங்கள எல்லாம் புடிச்சாங்க மாமா. எப்பவும் போல கடலப் பாத்துகினு நில்லுங்கன்னாங்க. நான் எப்பவும் போல நின்னேன்."

"மூஞ்சில மாவு தடவுனாங்களா?"

"இல்ல."

"லைட்டு போட்டாங்களா?"

"பகல்ல எதுக்கு லைட்டு?"

ரகுபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பைத்தியம்! மீன் கூடையத் தூக்கிகினு நிக்கறத எவன் பாப்பான்? அத்தயெல்லாம் வெட்டிப் போட்டுடுவானுங்க" என்றான்.  மங்கை உள்ளே போய் மீன் அரிய உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

அந்தப் பையன்களுக்குப் பணம் தீர்ந்துபோய்ப் படம் நின்றுவிட்டது என்று கொஞ்ச நாளில் பேச்சு வந்தது. ரகுபதி அதை அதோடு மறந்தான். மங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த வாரத்திலேயே ஜுரம் வந்து, ஜன்னி கண்டு, அவள் போய்விட்டாள். பச்சைக் குழந்தையை அவன் அக்கா பவுனம்மாள் தூக்கிக்கொண்டாள். பிள்ளையில்லாமல் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவள் அவள். குழந்தைக்கு மலர்க்கொடி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

ரகுபதி மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலுக்குப் போனான், வந்தான், படம் பார்த்தான். முன்னைவிட அதிகமாகவே பார்த்தான். இருட்டில் உட்கார்ந்தால் யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள்.

மலர்க்கொடிக்கு விவரம் தெரிந்ததும் கேட்க ஆரம்பித்தாள். "அம்மா எப்டி நைனா இருக்கும்?" அவன் தனக்குத் தெரிந்த வழியில் சொன்னான். கண் அந்த மந்திரவாதி படத்து ராணி மாதிரி, மூக்கு அந்த நாககன்னி மாதிரி, சிரிப்பு இன்னொருத்தி மாதிரி என்று. குழந்தை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் திக்கென்றது. ராணிகளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. மங்கையின் குரல் காதில் இருந்தது. அவள் நடை, மண்ணெண்ணெயும் மீனும் கலந்த அவள் புடவை வாசனை எல்லாம் இருந்தன. முகம் மட்டும் கரைந்துகொண்டே வந்தது. எந்தப் படத்திலோ ஓரமாக ஈட்டி பிடித்து நின்ற சேவகன் முகம்கூட மறக்காதவன் அவன். கட்டின பெண்டாட்டியின் முகம் வரமாட்டேன் என்றது. இதை யாரிடம் சொல்ல முடியும்? அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு விடியலிலும் கட்டுமரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அவளைத் தேடிப் பார்ப்பான். கிடைக்கிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. அவன் பயந்துபோயிருந்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. மலர்க்கொடிக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். பாய் ஆள் அனுப்பி ரகுபதியைக் கூப்பிட்டார்.

"இது ஒரு மாதிரி படம் ரகுபதி. பாட்டே இல்லியாம். மவுண்ட் ரோட்டுல ஒரு வாரம்கூடத் தாக்குப் பிடிக்கல. வேற பெட்டி வர்ற வரைக்கும் இத ஓட்டுன்னு நம்ம தலையில கட்டிட்டான். எங்க எங்க கொறைக்கலாம்னு பாத்து சொல்லு" என்றார்.

ரகுபதி பீடிக்கட்டை மடியில் சரிபார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. கடல் வந்தது. தன் குப்பத்துக் கடல் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த ஒல்லிப் பையன்களின் படம்தான், பாதியில் நின்றதை எப்படியோ முடித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. கேலியாகத்தான் பார்க்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் கேலி போய்விட்டது. படத்தில் ஒருவன், அண்ணனைக் கடல் கொண்டுபோன சேதியைக் கேட்டு, மணலில் உட்கார்ந்து அழுதான். "அண்ணாத்தே, வூட்ல போய் நான் இன்னா சொல்லுவேன்" என்று குப்பத்துப் பேச்சில் அழுதான். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ரகுபதி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். இப்படியும் எடுக்கலாமா என்று நினைத்தான். மேலே ஸ்டானிஸ்லாஸுக்கும் ஆச்சரியம். மூன்றாவது ரீல் ஓடியும் கீழே தீக்குச்சி கிழிபடவில்லை.

பிறகு கரை வந்தது. பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காமிரா ஒவ்வொரு முகமாக மெல்ல நகர்ந்தது. அடுத்த முகம் மங்கை.

அவள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. தொலைவில் வருகிற கட்டுமரங்களை எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை, கவலைதான் இருந்தது. திடீரென்று அது விலகியது. பக்கத்தில் நின்றவளின் தோளில் தட்டி, கடலுக்குள் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் கைநீட்டிக் காட்டியது அவனைத்தான். கடலிலிருந்து பார்க்கிறவனுக்குக் கரையில் நிற்கிற பெண்கள் எல்லாம் வெறும் புள்ளிகள். அவன் கரையேறுகிற நேரத்தில் அவள் மீன்விலை பேச ஆரம்பித்திருப்பாள். தான் பிழைத்து வந்ததைக் கண்டு ஒருத்தி இப்படிச் சிரிப்பாள் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. இத்தனை நாள் வராத முகம், ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக, வெயிலோடு, வியர்வையோடு எதிரே நின்றது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.  கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடி, பழகின இடத்துக்குப் போயிற்று. பீடியை எடுத்ததும் தெரியாது, தீக்குச்சியைக் கிழித்ததும் தெரியாது. பற்றவைத்த பீடி வாயிலிருந்து நழுவி விழுந்தது. குழந்தைக்குக் காட்ட வேண்டும், உடனே காட்ட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் ஓடினான்.

மேலே ஸ்டானிஸ்லாஸ் காகிதத் துண்டைச் செருகிவிட்டு வாயைப் பிளந்தான். மங்கையை முகம் பார்த்துப் பழகாதவன் அவன். ரகுபதி எத்தனையோ தடவை பீடி பற்றவைத்திருக்கிறான், ஆனால் எந்தப் படத்திலும் பாதியில் எழுந்து போனதே கிடையாது. படியில் நின்றிருந்த பாயைக் கேட்டான். "இன்னா பாய் இது, ஓடியே பூட்டான்?"

"அவ்ளோ பேஜாரா?" என்று பாய் தாடியைத் தடவினார். "அந்தக் கூடை சமாசாரத்த முழுசா எடுத்துடு. ஒரு டான்ஸ் துண்டு இருந்தா பின்னாடி எங்கியாச்சும் ஒட்டு."

ஸ்டானிஸ்லாஸ் வேலையில் சுத்தம். வரிசையாகப் பெண்கள் நிற்கிற இடம் முழுவதையும் எடுத்தான். கதாநாயகி தனியாக வந்து நிற்கிற இடத்தில் ஒட்டினான். எடுத்ததைப் பின்பக்கம் மணலில் போட்டுக் கொளுத்தினான்.

அந்த நேரம் குப்பத்தில் ரகுபதி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "மங்கை கீறா! படத்துல கீறா! சாயங்காலம் எல்லாரும் வாங்க!" பவுனம்மாள் முதலில் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தாள். பிறகு நம்பினாள், உட்கார்ந்து அழுதாள், எழுந்து குழந்தைக்குத் தலை வாரி, பூ வைத்து, பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டிவிட்டாள். கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தட்டி. குழந்தை அத்தையோடுதான் உட்கார வேண்டும். அதனால் ரகுபதி அதை முன்னால் நிறுத்திப் பாடம் சொன்னான்.

"கடலு வரும். கரையில கூடையோட ஒரு பொம்பள நிப்பா. கைய நெத்தில இப்டி வச்சிகினு பாப்பா. பாத்துட்டு சிரிப்பா. அதான் உங்கம்மா. கண்ணச் சிமிட்டாத, இன்னா?"

"சிமிட்ட மாட்டேன் நைனா."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் ஆட்டம். குப்பமே வந்திருந்தது. பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பேஜாரான படத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று வாசலில் நின்று பார்த்தார். ரகுபதி தட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அண்ணனுக்காக ஒருவன் அழுத இடம் வந்தது. குப்பத்து ஆண்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். அடுத்தது கரை. "இப்ப, இப்ப பாரு" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினான்.

திரை ஒரு குதி குதித்தது. கரையில் கதாநாயகி நின்றாள். இடுப்பில் கூடை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, நெற்றியில் கை. கடலைப் பார்த்து, அழகாக, அளவாகச் சிரித்தாள்.

"அம்மா!" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மலர்க்கொடியின் குரல் கேட்டது. "அத்தே, அம்மா! எங்கம்மா!"

மில் வீட்டுப் பெண்கள் யாரோ குழந்தையின் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள், கை தட்டினார்கள். குப்பத்துப் பெண்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மங்கையோடு நின்று மீன் விற்றவர்கள் அவர்கள்.

ரகுபதி இருட்டில் ஆட்களை மிதித்துக்கொண்டு ஓடி, மிஷின் ரூம் ஏணியில் ஏறினான்.

"எங்கடா? அந்தப் பொம்பளைங்க நின்ன எடம் எங்க?"

"எடுத்தாச்சே மாமு" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "நீதானே பத்த வச்சே?"

"நான் பத்த வச்சனா?"

"பத்த வச்சிட்டு எயுந்து ஓடியே பூட்டியே. அதான் பாய் முழுசா எடுக்கச் சொன்னாரு. இன்னா மாமு? இன்னா ஆச்சு?"

"எடுத்தது எங்க?"

ஸ்டானிஸ்லாஸ் பின்பக்கத்தைத் தலையால் காட்டினான். அவன் முகத்தைப் பார்த்து ரகுபதிக்குத் தெரிந்துவிட்டது. கீழே இறங்கிப் பின்பக்கம் போனான். மணலில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் கிளறினான். ஒரு விரற்கடைத் துண்டாவது அகப்படாதா என்று அடி மணல் வரைக்கும் தோண்டினான். அந்த பிலிம் எரிந்தால் எதையும் மிச்சம் வைக்காது. ஸ்டானிஸ்லாஸ் பின்னாலேயே வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "ஏசுவே, ஏசுவே" என்று தலையில் அடித்துக்கொண்டான். ரகுபதி அவனைத் திட்டவில்லை. யாரைத் திட்டுவது? கை அவனுடையது. இத்தனை வருஷம் யார் யாரோ கஷ்டப்பட்டு எடுத்ததை வெட்டச் சொன்ன கை.

ஆட்டம் விட்டதும் மலர்க்கொடி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "நைனா! பாத்தேன் நைனா! கண்ணே சிமிட்டல. சிரிச்சிச்சு. மூக்குல ரெண்டு பக்கமும் பளபளன்னு மின்னிச்சு. எம்மாம் அழகு நைனா அம்மா!"

பின்னால் பவுனம்மாள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வந்தாள். ரகுபதி அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்த பெண்களும் இவர்களைத் தாண்டி வேகமாக நடந்தார்கள்.

"நைனா, அதானே அம்மா?"

"ஆமா கண்ணு" என்றான் ரகுபதி. "அதான் உங்கம்மா."

விஷயம் தெரிந்ததும் பாய் துடித்துப்போனார். அவரே நகரத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். படம் எடுத்த பையன்கள் கடையைக் கட்டிவிட்டுத் திசைக்கு ஒருவராகப் போயிருந்தார்கள். இன்னொரு பிரதி இருக்கிறதா என்று சொல்லவே ஆள் இல்லை. மறுநாள் மில் ஆட்கள் ரகுபதியிடம் வழக்கம்போல் படம் எப்படி என்று கேட்டார்கள். "நல்ல படம்" என்றான். "நான் பாத்ததுலயே அதான் படம்." பாட்டில்லாத படத்தை ரகுபதி புகழ்வதாவது என்று அவர்கள் கேலியாக எடுத்துக்கொண்டு, ஒருவரும் போகவில்லை. அவன் வாயால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் ஓடாத படம் அது ஒன்றுதான். அதன் பிறகு பாய் எத்தனை தடவை ஆள் அனுப்பியும், அவன் மத்தியான ஓட்டத்துக்குப் போகவில்லை.

குப்பம் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. "உங்கம்மாவ படத்துல பாத்தியாமே" என்று கேட்டால் மலர்க்கொடி கதை சொல்லுவாள், கிழவிகள்கூட ஆமாம் ஆமாம் என்பார்கள். அவள் வளர வளர, கூடையை இடுப்பில் வைத்துக்கொள்வதும், தலையைச் சாய்த்துச் சிரிப்பதும் அந்தக் கதாநாயகி மாதிரியே ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் அந்த முகத்தை வர்ணிக்க, ரகுபதி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவான். விடியலில் கட்டுமரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினால், கொட்டகையில் பார்த்த மங்கை கொஞ்ச காலம் வரைக்கும் வந்தாள். பிறகு அந்த இன்னொருத்தியும் கூடவே வந்தாள். அவளை விரட்டுவான். விரட்ட விரட்ட வந்தாள்.

மலர்க்கொடிக்குப் பன்னிரண்டு வயசு நடக்கும்போது, காது மூக்கு குத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. அம்மாவுக்கு இருந்த மாதிரியே வேண்டும் என்றாள் பெண். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ரகுபதி அக்காவைக் கேட்டான்.

"மங்கைக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மூக்குத்தியா அக்கா, இல்ல ஒரு பக்கம் வேறயா?"

பவுனம்மாள் முறத்தை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறானோ என்று முதலில் நினைத்தாள். அப்படித் தெரியவில்லை.

"இன்னாடா ரகு சொல்ற? மங்கை எங்கடா மூக்கு குத்திகினா? வலிக்கும்னு கடேசி வரைக்கும் குத்திக்கவே இல்லியேடா."

ரகுபதி கண்ணை மூடிப் பார்த்தான். நிறைய நேரம் மூடிக்கொண்டிருந்தான். பிறகு வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மங்கையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை என்று பவுனம்மாள் பிற்பாடு சொல்லுவாள்.